காத்தலும் கைக்கொள்ளலும்: சிலந்தி, தேள் வளர்ப்புப் பற்றிய ஓர் அறவினா

மனிதன் ஏனைய உயிர்களோடு கொண்டுள்ள உறவுகள் பலதிறத்தன. உழைப்புக்கெனச் சிலவற்றையும், உணவுக்கெனச் சிலவற்றையும், துணைக்கெனச் சிலவற்றையும் அவன் தன் மனைக்குள் அழைத்துக்கொண்டான். எருதும் ஆவும் நாயும் பூனையும் கிளியும் இவ்வாறு வந்தவையே. இவ்வரிசையிற் சேராத சில உயிர்கள் உள. மனைக்குள் அவை புகுந்தால் அன்றே அவற்றின் ஆயுள் முடிந்துவிடும். தேளும் பெருஞ்சிலந்தியும் அத்தகையன. புலிமுகச் சிலந்தி என ஈழத்தில் வழங்கும் பெருஞ்சிலந்தியையோ, நட்டுவக்காலி எனப்படும் கருந்தேளையோ கண்ணுற்றவர் கை முதலில் நாடுவது செருப்பையும் விளக்குமாற்றையுமே. அவ்வாறிருக்க, கடந்த சில பதிற்றாண்டுகளாக உலகின் பல நாடுகளில் இவ்வுயிர்களை விலைகொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் இட்டு, பெயர் சூட்டி, இரையூட்டி வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது.

கொல்வதிலும் வளர்ப்பது மேல் என்பது முதனோக்கில் ஐயத்துக்கு இடமற்ற முடிபாகத் தோன்றும். வெறுக்கப்பட்ட உயிரொன்று விரும்பப்படுவது அறத்தின் எல்லை விரிந்தமைக்கு அடையாளம் என்றும் கூறலாம். எனினும், ஓர் உயிரைக் காப்பதும் அதனைக் கைக்கொள்வதும் ஒன்றுதானா என்னும் வினா எஞ்சிநிற்கின்றது. இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

குடாவிற் பிடிபட்டவர்

இவ்வாராய்ச்சிக்குத் திருகோணமலைத் துறைமுகம் பொருத்தமானதொரு தொடக்கத்தைத் தருகின்றது. துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. 1659 ஆம் ஆண்டின் இறுதியிற் சோழமண்டலக் கரையில் வீசிய புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்த்தற்பொருட்டு இக்குடாவை அடைந்தது. கப்பற்றலைவரும், அவருடைய மகன் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் 1660 ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடத்தில் நின்றதாகக் கூறப்படும் மரம் பிற்காலத்தில் 'வெள்ளை மனிதரின் மரம்' என்று பெயர்பெற்று, நினைவுக்கல்லும் பெற்றது. தந்தையார் ஓராண்டளவிற் காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தோழர் ஒருவருடன் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் பதினேழாம் நூற்றாண்டின் இலங்கை பற்றிய முதன்மையான சான்றாக இன்றும் கொள்ளப்படுகின்றது.

அந்நூலில் இந்நாட்டுப் பூச்சிகள் பற்றிக் கூறுமிடத்தில் நொக்ஸ் பெருஞ்சிலந்தி ஒன்றையும் வருணிக்கின்றார். கரிய நிறமும் மயிரடர்ந்த உடலும் மினுங்கும் புள்ளிகளும் உடையது, மரப்பொந்துகளில் வாழ்வது, கடித்தால் மனிதர் இறவார், ஆயினும் வேதனையாற் சிலபொழுது அறிவு கலங்குவர் என்பது அவர் கூற்றின் சாரம். அவர் எழுதிய பெயர் சிங்களத்திற் 'திவிமக்குளுவா' என வழங்கும் சொல்லின் திரிபாகும். திவி என்பது சிறுத்தையைக் குறிக்கும். தமிழர் புலியின் முகத்தையும் சிங்களவர் சிறுத்தையையும் அச்சிலந்தியிற் கண்டமை அவதானிக்கத்தக்கது. உடலின் பருமனைக் கூறுமிடத்து அவர் மிகைப்படுத்தினார் ஆயினும், வாழிடம் பற்றியும் கடியின் தன்மை பற்றியும் அவர் கூறியவை இன்றைய விலங்கியலாரின் முடிபுகளோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றன. இச்சிலந்தியின் நஞ்சு உயிரைப் போக்குவதன்று. ஆனால் கடும் வலியையும், சிலவேளை பல நாட்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பையும் விளைவிக்கும்.

நொக்சின் சிறைவாழ்வு எத்தகையது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. அவர் நெடுங்காலம் விலங்கிடப்பட்டவரல்லர், சிறைக்கூடத்தில் அடைக்கப்பட்டவருமல்லர். கைதிகள் ஊர்கள்தோறும் பகிர்ந்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளித்தல் ஊராரின் கடமை என மன்னன் விதித்திருந்தான். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன்கொடுத்துப் பொலி பெற்றார், வீடு கட்டினார், தோட்டம் வைத்தார். அவருக்கு மறுக்கப்பட்டது ஒன்றே: புறப்பட்டுப் போகும் உரிமை. ஊணும் உறையுளும் பாதுகாப்பும் பெற்றவர் ஒருவர் இன்னும் கைதியாகவே இருத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மரப்பொந்திலிருந்த சிலந்தியைப் பற்றி எழுதியவர் தாமே எல்லையிடப்பட்ட வாழ்வினர் என்பது, வளர்ப்புப் பற்றிய வினாவுக்கு வரலாறு அளித்த முன்னுரை எனலாம்.

காட்டிலிருந்து பெட்டிக்கு

நொக்ஸ் கண்ட சிலந்தி 'பொயிசிலோதீரியா' என்னும் இனத்தொகுதியைச் சேர்ந்தது. இத்தொகுதியின் இயற்கை வாழிடம் இந்தியாவும் இலங்கையும் மாத்திரமே. முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் பட்டைகளின் பின்னும் பகற்பொழுதைக் கழித்து, இரவிற் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் வேட்டையாடுவது இவற்றின் இயல்பு. கால்களிற் காணப்படும் மஞ்சள், வெள்ளை, கருமை ஆகிய நிறங்களின் கோலம் காரணமாக வளர்ப்போர் இவற்றைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆந்திரத்தின் கூட்டி என்னும் ஊரிலிருந்து 1899 இல் அறிவியலுலகுக்கு அறிமுகமாகிய நீலச்சிலந்தியும், இராமேசுவரத்திலிருந்து 2004 இல் விவரிக்கப்பட்ட சிலந்தியும் இத்தொகுதியினவே. அவ்விரண்டும் மிகக் குறுகிய நிலப்பரப்பில் எஞ்சி, அழிவின் விளிம்பில் நிற்பனவாக மதிப்பிடப்பட்டுள்ளன.

வன்னியில் மாங்குளத்திற் கண்டறியப்பட்ட சிலந்தியின் வரலாறு தனியே குறிப்பிடத்தக்கது. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டில் ஊர்மக்களாற் கொல்லப்பட்ட ஒரு சிலந்தியின் உடல் ஆய்வாளரிடம் காட்டப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த தேடலில், மாங்குள மருத்துவமனையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அதே இனம் காணப்பட்டது. கால்களை விரித்த நிலையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமுடைய அது புதிய இனமென 2012 இல் வெளியிடப்பட்டது. தேடலுக்குத் துணைநின்ற காவற்றுறை அலுவலர் ஒருவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

இத்தகைய உயிர்களின் வணிகம் உலகளாவியது. 2019 ஏப்பிரலில் மணிலா விமான நிலையத்திற் போலந்திலிருந்து வந்த பொதிகளில் 757 பெருஞ்சிலந்திகள் கைப்பற்றப்பட்டன. 2021 யூலையிற் சென்னை அயல்நாட்டு அஞ்சலகத்திற்கு, மீண்டும் போலந்திலிருந்தே, தென்தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த பொதியொன்றைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றிய 107 சிறு குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் 107 இருந்தன. அவை அமெரிக்கக் கண்டத்து இனங்களைச் சேர்ந்தவை எனக் கண்டு, வந்த வழியே திருப்பியனுப்பினர். அதே ஆண்டின் இறுதியிற் கொலம்பியாவின் பொகொற்றா விமான நிலையத்தில் ஜேர்மனியர் இருவரிடமிருந்து 232 பெருஞ்சிலந்திகளும், குஞ்சுகளோடு கூடிய தேளொன்றும் மீட்கப்பட்டன. மெக்சிக்கோவின் உயிர் போலந்தில் அடைக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு அஞ்சலில் வருவதும், ஈழத்து உயிர் மேலைநாட்டுப் பெட்டியில் வாழ்வதும் ஒரே வணிகத்தின் இரு திசைகளாம்.

சட்டமும் இதனைக் கவனத்திற் கொண்டுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2018 இல் இலங்கைக்குரிய பொயிசிலோதீரியா இனங்கள் ஐந்தனை அழிவுறும் உயிர்களின் பட்டியலிற் சேர்த்தன. காட்டுயிர்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கையில் இத்தொகுதி முழுவதும் 2019 இல் இடம்பெற்றது. அதற்கான மாநாடு கொழும்பில் நிகழ்வதாக இருந்து, அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. ஆயினும், சட்டம் வணிகத்தை ஒழுங்குபடுத்துமேயன்றி, வளர்த்தல் தக்கதோ என்பதை முடிவுசெய்யாது. அனுமதிப்பத்திரத்துடன் செய்யப்படுவதனால் மாத்திரம் ஒரு செயல் அறமாகிவிடுவதில்லை. ஆதலின் வளர்ப்போர் தரப்பு நியாயத்தை அதற்குரிய முழு வலிமையோடும் கேட்டல் வேண்டும்.

வளர்ப்போர் தரப்பு

அவர்தம் வாதம் நால்வகைப்படும். முதலாவது, அச்சத்தைப் போக்குவது அறிமுகமே என்பது. பெட்டியிலுள்ள சிலந்தியை நாள்தோறும் கண்ட சிறுவன், வீட்டுச் சுவரிற் காணும் சிலந்தியை அடித்துக் கொல்லான். மாங்குளச் சிலந்தி பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்ததும் பிரித்தானியச் சிலந்தி வளர்ப்போர் சங்கத்தின் சஞ்சிகையிலேதான் என்பது இவ்வாதத்துக்கு வலுவூட்டும். ஆர்வலரின் விருப்பம் அறிவுக்குத் துணைநின்றமை மறுக்கவியலாதது.

இரண்டாவது, இவ்வுயிர்களுக்குப் பெட்டி துன்பமாகாது என்பது. கிளிக்கு வானமும் குரங்குக்குக் கூட்டமும் வேண்டும். பெண் சிலந்தியோ பொந்தை விட்டு அதிகம் அகல்வதில்லை. தனிமையே அதன் இயல்பு. மரப்பட்டை ஒன்றும், ஈரமும், இரையும் கிடைப்பின் அதற்குக் குறைவொன்றுமில்லை. மேலும், குளவியும் பறவையும் வறட்சியும் பெட்டிக்குள் வருவதில்லை.

மூன்றாவது, பெட்டியிற் பிறந்தவற்றை வாங்குவதனாற் காட்டுக்கு இழப்பில்லை என்பது. ஒரு முட்டைப்பையிலிருந்து பல குஞ்சுகள் கிடைப்பதனால் வளர்ப்பகங்களே தேவையை நிறைவுசெய்யும். காட்டில் ஓரினம் அழிந்தொழியினும் பெட்டிகளில் அது எஞ்சும் என்றும் கூறுவர்.

நான்காவது, குற்றஞ்சாட்டுவோரின் தகுதி பற்றியது. கண்டவிடத்துச் செருப்பால் அடிக்கும் சமூகம், அன்போடு வளர்ப்பவனைக் கண்டிக்க உரிமை பெற்றதா என வினவுவர்.

வாதங்களின் எல்லை

நான்காவது வாதத்தை முதலில் நோக்குதல் நன்று. அதிற் பாதி உண்மை. தேவையின்றிக் கொல்லுதல் தீமையே. எனினும் அச்சத்தாற் கொல்லுதல் யாவும் ஒரு தன்மையதன்று. அறிவியலுலகம் 1798 இலேயே தமிழின் பெயர் சூட்டிய செந்தேள் இந்தியாவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வாழ்வது. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கிக் குழந்தைகளின் உயிரைப் போக்கவல்லது. குழந்தை உறங்கும் பாயருகே அதனைக் கண்ட தாயின் செயலுக்குக் காரணம் உண்டு. தீங்கற்ற கருந்தேளைப் புறவளவிற் கண்டு நசுக்குவோனுக்கு அக்காரணம் இல்லை. அவனைக் கண்டித்தல் தகும். ஆயினும் ஒருவன் குற்றம் பிறிதொருவன் செயலுக்கு நியாயமாகாது. கொல்வதிலும் மேலானது என்பதனால் ஒன்று நல்லதாகிவிடுமாயின், இராசசிங்கன் நொக்சைக் கொல்லாது வைத்திருந்தமையும் நன்றே எனல் வேண்டும்.

இரண்டாவது வாதம் ஆழமானது. நொக்சின் வாழ்வை எடுத்துக்காட்டி, உணவும் பாதுகாப்பும் உடைய பெட்டியும் சிறையே என்று உடனே விடையிறுத்தல் எளிது. ஆனால் அவ்விடை நேர்மையானதன்று. நொக்ஸ் தம் தாயகத்தை நினைந்தார், தந்தையைப் புதைத்தார், தப்பும் வழியை ஆண்டுக்கணக்கில் எண்ணினார். சிலந்தி இவற்றைச் செய்கின்றது என்று கூறுதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மனிதனின் ஏக்கத்தைச் சிலந்தியின் மேல் ஏற்றிக் கூறுதல், மயில் குளிரால் நடுங்கிற்று எனக் கருதிப் போர்வை அளித்த பேகனின் செயலை ஒக்கும். அவ்வருட்செயலைத் தமிழ்மரபு போற்றியதெனினும், அதனைக் கொடைமடம் என்றே வகைப்படுத்தியது. கொடையின் பெருமையையும் அறியாமையின் சாயலையும் ஒருங்கே உணர்த்தும் சொல் அது.

எனினும் இந்நேர்மை இருபுறமும் வெட்டும் வாள். சிலந்தி ஏங்குகின்றது என்று கூற ஆதாரம் இல்லையெனின், அது நிறைவோடு இருக்கின்றது என்று கூறவும் ஆதாரம் இல்லை. பெருஞ்சிலந்தி பல மாதங்கள் இரையின்றியும் அசைவின்றியும் இருக்கவல்லது. நலமுற்ற நிலையிலும் அது அசையாது, நலிவுற்ற நிலையிலும் அசையாது. அவ்வசைவின்மையை மனநிறைவு என்று படிக்கும் வளர்ப்போனும் பேகனின் வழியிலேயே செல்கின்றான். பொந்தை விட்டகலாது என்னும் கூற்றும் பெண்ணுக்கே பெரிதும் பொருந்தும். முதிர்ந்த ஆண் தன் எஞ்சிய சிறு வாழ்நாளை இணைதேடி அலைவதிலேயே கழிப்பது. பெட்டிக்குள் அவ்வலைச்சல் கண்ணாடிச் சுவரோரம் முடிந்துவிடுகின்றது.

இவ்விரு அறியாமைகளுக்கும் இடையில் அறம் எவ்வாறு முடிவுசெய்யும்? ஐயம் நிலவும்போது, அந்த ஐயத்தின் சுமையைத் தாங்கவேண்டியவர் யார் எனக் கேட்டலே இதற்கு வழி. பாயருகே தேளைக் கண்ட தாய் ஐயத்தைத் தேளின்மேற் சுமத்துகின்றாள். அதற்குக் குழந்தையின் உயிர் காரணம். வளர்ப்போனோ தன் ஐயத்தைச் சிலந்தியின்மேற் சுமத்துகின்றான். அதற்கு அவனுடைய காட்சியின்பமே காரணம். பெறும் பயன் சிறிதாக, பிறர்மேற் சுமத்தும் ஐயம் பெரிதாகுமிடத்துச் செயலைத் தவிர்த்தலே முறை. பிரித்தானியா 2022 இல் இயற்றிய விலங்குணர்வுச் சட்டம் நண்டு, இறால் முதலிய பத்துக்கால் உயிர்களையும் கணவாயினத்தையும் உணர்வுடையனவாக ஏற்றது. சிலந்தியும் தேளும் அதில் இடம்பெறவில்லை. ஆயினும் நண்டும் கணுக்காலியே என்பதை நினைப்பின், அவ்வெல்லைக்கோடு இறுதியானதெனத் துணிதல் அரிது.

மூன்றாவது வாதத்திலும் ஓருண்மை உண்டு. இச்சிலந்திகளின் பெரும்பகை சேகரிப்போர் அல்லர். காடழிப்பும் பீடைநாசினிகளுமே இவற்றை முதன்மையாக அழிக்கின்றன. இதனை ஒப்புக்கொள்ளாது வளர்ப்போரை மாத்திரம் பழித்தல் நீதியாகாது. எனினும் இவ்வுண்மையிலிருந்து பிறப்பது வளர்ப்போர் விரும்பும் முடிபன்று. அழிவது மரமெனின், காக்கப்படவேண்டியது மரம். பெட்டியோ, மரமின்றியும் சிலந்தி இருக்கும் என்னும் எண்ணத்தையே வளர்க்கின்றது. ஆந்திரத்து நீலச்சிலந்தி காட்டில் அருகி, மேலைநாட்டுப் பெட்டிகளிற் பெருகியுள்ளது. அப்பெருக்கத்தால் நந்தியால் பக்கத்துக் காட்டில் ஒரு மரமேனும் வெட்டுக்குத் தப்பியதா என்பதே கேட்கவேண்டிய வினா. எங்கிருந்து வந்தன என்றறியாத பெற்றோர்க்குப் பிறந்து, பலவிடத்துக் குருதி கலந்த குஞ்சுகளைக் காட்டுக்கு மீட்பதும் எளிதன்று. பெட்டியிற் பிறந்தது என்னும் சொல், அதன் முதற்றாய் எந்தக் காட்டிற் பிடிபட்டாள் என்பதை மறைக்கின்றதேயன்றி மாற்றுவதில்லை.

எஞ்சியது முதலாவது வாதம். அறிமுகம் அச்சத்தைப் போக்கும் என்பது மெய். ஆனால் அச்சம் நீங்குதலும் அருள் பிறத்தலும் ஒன்றல்ல. இதற்கும் நொக்சே சான்றாகின்றார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிறர் கைக்கொண்ட பொருளாக வாழ்ந்து மீண்ட அவர், 1684 இற் கப்பற்றலைவராகி மடகஸ்காருக்குச் சென்றது அடிமைகளைப் பெறும்பொருட்டே. கைதியின் வாழ்வை அகத்திருந்து அறிந்தவருக்கும் அவ்வறிவு பிற மனிதரின் கட்டினை அவிழ்க்கும் அருளாக மலரவில்லை. மனிதன் மனிதனுக்கே இவ்வாறாயின், கண்ணாடிக்கு வெளியே நின்று நாள்தோறும் நோக்குவதனால் மாத்திரம் சிலந்திபால் அருள் தோன்றிவிடும் என்று கொள்வதெங்ஙனம்? அண்மை அறிவைத் தரும். அறிவை எவ்வழிச் செலுத்துவது என்பதை அண்மை கற்பிப்பதில்லை.

அன்பும் அருளும்

இவ்விடத்துத் தமிழ் அறமரபு வகுத்துள்ள ஒரு வேறுபாடு துணைசெய்கின்றது. திருக்குறள் அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தது. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் விளக்கினார். வளர்ப்போனின் உணர்வு எத்துணை மெய்யானதாயினும் அது அன்பின் பாற்பட்டதே. என் சிலந்தி, என் தேள் என்னும் தொடர்பு அதன் வேர். அத்தொடர்பு விலையால் தோன்றியது. பெட்டியிலுள்ளதற்கு உணவாகச் சிள்வண்டுகளையும் கரப்பான்களையும் உயிரோடு இடும் கை, அவ்வுயிர்கள்பால் எவ்வுணர்வும் கொள்வதில்லை. எல்லா உயிர்மேலும் செல்லாது, பெயர் சூட்டிய ஓருயிர்மேல் மாத்திரம் செல்லுமிடத்து அவ்வுணர்வின் எல்லை தெளிவாகின்றது.

இதற்குத் தடையொன்று எழும். அருள் என்பது அன்பு ஈன்ற குழந்தை என வள்ளுவரே உருவகித்துள்ளார். தாயின்றிக் குழந்தை ஏது? பெட்டியிலுள்ள ஒன்றின்மேல் வைத்த அன்பு, நாளடைவில் எல்லாச் சிலந்திகள்மேலும் செல்லும் அருளாக வளராதா? வளர்தல் கூடும், சிலரிடத்து வளர்ந்துமுள்ளது. வளர்ப்போராகத் தொடங்கி ஆய்வாளராகவும் காப்போராகவும் மாறியவர் உளர். ஆனால் அவர்தம் வாழ்வு உணர்த்துவது யாதெனின், அன்பு அருளாயிற்று எனக் கூறத்தக்க இடம் கைக்கொள்ளும் விருப்பம் தளர்ந்த இடமே என்பதாம். உரிமையை விடுதலே அவ்வளர்ச்சியின் அடையாளம். குழந்தை தாயின் மடியிலேயே இருந்துவிடின் அது வளர்ந்ததாகாது.

திருகோணமலை நகர் இதற்கொரு மறுபக்கச் சான்றையும் தருகின்றது. பிறெட்றிக் கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களை எவரும் தமதென்று கொள்வதில்லை, ஆனால் எல்லோரும் விரும்புகின்றனர். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அவற்றுக்கு உணவளிப்பதும், அவை குப்பையையும் பிளாஸ்ரிக் உறைகளையும் மேய்வதும் அன்றாடக் காட்சி. கைக்கொள்ளாமை மாத்திரம் அருளாகிவிடாது என்பதை இம்மான்கள் உணர்த்துகின்றன. அருள் என்பது அவ்வுயிர் அதன் இயல்பில் வாழ்தற்கு வேண்டியதை அறிந்து, அதனைக் கெடாது வைத்தல். மானுக்கு அது தூய்மையான மேய்ச்சல் நிலம். புலிமுகச் சிலந்திக்கு அது பொந்துடைய முதுமரம்.

அயல்நின்று அறிதல்

கொல்லாமலும் கைக்கொள்ளாமலும் அறிதற்கு வழியுண்டா? உண்டு என்பதை அவுஸ்திரேலியாவின் அனுபவம் காட்டுகின்றது. பாபரா யோர்க் மெயின் என்னும் விலங்கியலாளர் 1974 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குநிலம் ஒன்றில், நிலவளைகளுக்குக் கதவமைத்து வாழும் சிலந்திகளை ஆராயத் தொடங்கினார். அவர் சிலந்திகளை எடுத்துச் செல்லவில்லை. வளைகளின் அருகே எண்ணிட்ட அடையாளங்களை நட்டு, ஆண்டுதோறும் சென்று நோக்கினார். பதினாறாம் எண்ணுடைய சிலந்தி ஒரே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. 2016 இல் அதன் வளைக்கதவு துளைபட்டும் உள்ளே சிலந்தி இன்றியும் காணப்பட்டது. குளவியால் இறந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு. அறியப்பட்ட சிலந்திகளுள் மிக நீண்டநாள் வாழ்ந்தது எனப் புகழ்பெற்ற அது எவருடைய பெட்டியிலும் வாழ்ந்ததன்று. அதற்குப் பெயரில்லை, எண் மாத்திரமே. அதனை அறிந்தவர் அதனை உடைமையாக்கவில்லை.

இவ்வழி ஈழத்துக்கும் இயல்வதே. தேளின் உடல் ஊதாக்கடந்த கதிர்பட்டவிடத்துப் பசுநீல ஒளி வீசும் இயல்பினது. அக்கதிர் வீசும் சிறு கைவிளக்கு ஒன்றிருப்பின், மூதூரிலோ கன்னியாவிலோ உள்ள பாடசாலை மாணவர் ஆசிரியரின் துணையோடு ஓரிரவிற் காணக்கூடிய தேள்கள், எப்பெட்டியும் காட்டவியலாத உண்மையைக் காட்டும். எவ்வினம் எங்கு வாழ்கின்றது, எம்மரத்தை நாடுகின்றது, எப்பருவத்திற் குஞ்சுகளை முதுகிற் சுமக்கின்றது என்பன போன்ற செய்திகள் போரால் நெடுங்காலம் ஆய்வாளர் செல்லவியலாதிருந்த இம்மாகாணத்தில் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. மாங்குளத்துக் கண்டுபிடிப்பு ஓரூராரின் கண்ணிலிருந்து தொடங்கியது. அவர்கள் கண்டது பிணமாயினமையே அதன் குறை. அதே கண்கள் உயிருள்ளதைக் கண்டு, கொல்லாது அறிவிக்கப் பழகுமாயின், பல்கலைக்கழக விலங்கியற்றுறைகளுக்கு அதனினும் சிறந்த துணை வேறில்லை.

ஏற்கெனவே வளர்த்து வருவோரின் கடமை வேறு. பெட்டியிலுள்ளதை மனமிரங்கித் திறந்துவிடுதல் அறமாகாது. அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தியை அயல்மண்ணில் விடின், அங்குள்ள உயிர்களுக்கு அது தீங்காதல் கூடும். மெக்சிக்கோ முதலிய நாடுகளுக்குரிய பெருஞ்சிலந்தி ஒன்று புளோரிடாவில் வேரூன்றியமை இதற்குச் சான்று. சில இனங்களின் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வது. இளமை ஆர்வத்தில் வாங்கியதை, ஆர்வம் தணிந்த பின்னரும், அது இயற்கையாக இறக்கும்வரை குறைவின்றிக் காத்தல் வாங்கியவரின் நீங்காக் கடன். இக்கடனை முன்னரே எண்ணிப் பார்ப்பவர் பலர் வாங்காது விடுவர்.

தொகுத்து நோக்குமிடத்துப் பின்வரும் முடிபுகள் பெறப்படும். காரணமின்றிக் கொல்லுதலிலும் வளர்த்தல் மேலானது. ஆயினும், நலமோ நலிவோ என்று அறியவியலாத ஓருயிரை இன்பத்தின்பொருட்டு அடைத்துவைத்தற்கு அம்மேன்மை போதிய நியாயமாகாது. வளர்ப்போர் அறிவுக்கு ஆற்றிய பணி மதிக்கத்தக்கது. ஆயின் அவ்வறிவு இனிச் செல்லவேண்டிய திசை மரப்பொந்தை நோக்கியதேயன்றிப் பெட்டியை நோக்கியதன்று. கொட்டியாரக் குடாவின் கரையில் நிற்கும் பாலையும் முதிரையும் புளியும் முதிர்ந்து பொந்துவிடுமட்டும் விட்டுவைக்கப்படுமா என்பதிலேயே இவ்வுயிர்களின் எதிர்காலம் தங்கியுள்ளது. அதனை முடிவுசெய்வோர் இலண்டனிலும் வார்சாவிலும் உள்ள ஆர்வலர் அல்லர். அம்மரத்தடியில் வளவு திருத்தும் குடியானவரும், அவர்க்கு அறிவுரை கூறும் அலுவலரும், அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியருமே அவர்கள். பல்கலைக்கழகத்தில் இன்று விலங்கியலும் மெய்யியலும் பயில்வோரிற் பலர் நாளை அவ்வலுவலராகவும் ஆசிரியராகவும் அமைவர். பொந்துடைய மரம் ஒன்றைத் தறிப்பதற்குமுன் அதனுள் யாது வாழ்கின்றது என நோக்கும் பழக்கத்தை அவர்கள் ஊரிற் பரப்புதல், இவ்வினாவுக்குச் செயலால் அளிக்கும் விடையாக அமையும்.